இரண்டு கிலோ நானூறு கிராம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் நலமா என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் சரிபார்க்காத எதையும் எழுத்தில் கொடுப்பதில்லை என்பது என் முப்பத்து நான்கு வருட உத்தியோகப் பழக்கம். ஆகவே திருத்தி எழுதுகிறேன்: உங்கள் மாமியார் நலம். நான் நலமா இல்லையா என்பதில்தான் தகராறு. அதில் நீங்கள் என் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பீர்கள். நான் போனில் பேசினால் அடுத்த தெருவரை கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த தெருவுக்கு முன்னால் சமையலறை இருக்கிறது.

விஷயம் இதுதான். வரும் புதன்கிழமை, முதல் தேதி, காலை ஏழு மணிக்கு எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு நான் படுக்கப்போவதில்லை. முடிவு செய்துவிட்டேன். காரணம் பயம் என்று உங்கள் மாமியார் உங்களுக்கு ஏற்கெனவே போன் செய்திருப்பாள். காரணம் பயம் இல்லை. காரணம் ஒரு தராசு.

நீங்கள் பாலம் கட்டுகிறவர், பாரம் என்றால் என்னவென்று தெரிந்தவர், அதனால் உங்களிடம் ஆதியோடந்தமாகச் சொல்கிறேன். எடைகள் அளவைகள் சோதனைக்கூடத்தில் நான் இருந்த காலத்தில் என்னை 'மில்லிகிராம்' என்று கூப்பிட்டார்கள். கேலியாகத்தான் கூப்பிட்டார்கள், நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கழித்துப் போட்டிருந்த மேடைத் தராசு ஒன்றை முறைப்படி எழுதிக் கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, திருகாணியில் என் கையாலேயே ஈய முத்திரை வைத்தேன். பதினோரு வருடமாக அது எங்கள் படுக்கையறை ஜன்னலோரம் நிற்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு, பல் விளக்கிய பிறகு, காபிக்கு முன்னால், அதே வேட்டி, அதே பனியன், வெறுங்காலோடு அதன்மேல் ஏறி, முள் அடங்கும்வரை மூச்சை இழுத்துப் பிடித்து அசையாமல் நிற்பேன். அந்த நேரத்தில் யாரும் என்னிடம் பேசக்கூடாது. பிறகு இறங்கி நோட்டில் எழுதுவேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. உங்கள் கல்யாணத்தன்றுகூட ஏறி நின்றுவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தேன். தாமதம் அதனால்தான், வண்டி கிடைக்காததால் அல்ல. இத்தனை வருடம் கழித்து இதையும் திருத்திக்கொள்கிறேன்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நம் மாடிக்குப் பதினான்கு படி. முன்பு ஒன்பது வினாடி. பிறகு பதினேழு. இப்போது நாற்பத்தொன்று, அதுவும் எட்டாவது படியில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் படம் கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பது போல ஒரு பாவனை செய்துவிட்டு. உங்கள் மாமியாருக்குத் தெரியாது. உடனே விஞ்ஞான முறைப்படி நடைப்பயிற்சி ஆரம்பித்தேன். பலன் என்ன தெரியுமா? எட்டு மாதத்தில் இரண்டு கிலோ நானூறு கிராம் குறைந்திருக்கிறேன்! அதிலும் ஒரு அதிசயம் கண்டுபிடித்தேன். எடை தினமும் சிறுகச் சிறுகக் குறைவதில்லை. மாதம் முழுக்க அசையாமல் இருந்துவிட்டு, ஒவ்வொரு முதல் தேதியும் சொல்லிவைத்தாற்போல முந்நூறு கிராம் இறங்குகிறது. எட்டு முதல் தேதி, எட்டு இறக்கம். முப்பத்து நான்கு வருடம் முதல் தேதியில் சம்பளம் வாங்கிப் பழகிய உடம்பு முதல் தேதியை மறக்கவில்லை என்று தெளிந்து, வரைபடத்தோடு பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதி ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பினேன். பதில் இல்லை. உங்கள் மாமியாரிடம் காட்டினேன். அவள் சாமி அலமாரியைத் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நான் வேண்டிக்கிட்டேன், அதான் குறையுது" என்றாள். விஞ்ஞானி என்றால் எதிர்க்கருத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஆகவே நோட்டில் எழுதினேன்: 'மனைவியின் கூற்று: வேண்டுதல். ஆதாரம்: இல்லை.'

மூச்சு வாங்குவது மட்டும் குறையவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லையாம். கதவைச் சாத்தாமல் விட்ட வீடு மாதிரி, போன ரத்தமெல்லாம் திரும்பி வருகிறதாம். மாற்றாவிட்டால் ஒரு வருடம் தாங்குவது கஷ்டம் என்று சர்ஜன் சொன்னார். என்னை விட இருபது வயது சின்னவர், மெதுவாகப் பேசுகிறவர். நான் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் தயார் செய்து வைத்திருந்தேன். மூன்றாவது கேள்வியில் இருக்கும்போதே உங்கள் மாமியார் சம்மதப் படிவத்தில் உறவினர் கையெழுத்து போடும் இடத்தில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, பையில் வைத்துவிட்டாள். "படிச்சுப் பார்த்தியா?" என்று கேட்டேன். "அவர் படிச்சிருக்காரே, போதாதா?" என்றாள். பாருங்கள் மாப்பிள்ளை, அலமாரியில் இருக்கும் சாமியையும் அவள் சோதித்ததில்லை, நாற்காலியில் இருக்கும் டாக்டரையும் சோதிக்கவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கும்பிடுகிறாள். இதற்குப் பெயர் விஞ்ஞானத்தின் மேல் நம்பிக்கையா? நான் கேட்டேன். "பேர் எதுவா இருந்தா என்ன, வால்வு மூடணும்" என்றாள்.

அதன் பிறகுதான் எடை பார்க்க அனுப்பினார்கள். மயக்க மருந்தை எடைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் கொடுப்பார்கள். ஆகவே எடை முக்கியம். ஏறினேன். செருப்பைக் கழற்றியும் அறுபத்து மூன்று கிலோ அறுநூறு என்றது. அன்று காலைதான் வீட்டில் அறுபத்தொன்று இருநூறு! காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவே நான் சாப்பிட்டது இரண்டு துண்டு ரொட்டி. வித்தியாசம் இரண்டு கிலோ நானூறு கிராம். எட்டு மாதத்துக்கு முன்னால் இருந்த என் எடையை இன்றைக்குக் காட்டுகிற தராசை என்னவென்று சொல்வது? இறங்கி ஏறினேன். கண்ணாடியைக் கழற்றி, கைக்கடிகாரத்தைக் கழற்றி ஏறினேன். அதே எண். குனிந்து பார்த்தேன், பக்கவாட்டில் சோதனை முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கிறது, தேதி இருக்கும் இடம் துடைத்துத் துடைத்து வெளுத்துப் போயிருக்கிறது. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "பெரியோர்களே, இந்தத் தராசு இரண்டு கிலோ நானூறு கிராம் கூட்டிக் காட்டுகிறது, இதை நம்பாதீர்கள்" என்று அறிவித்தேன். பின்னால் நின்ற பருமனான அம்மாள் உடனே, "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன், நான் ஒண்ணும் அவ்வளவு வெயிட் இல்ல" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒல்லி மனிதர், போன வாரம்தான் எடை கூடியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டவராம், "மெஷின் கரெக்டுதான், உங்க கண்ணுதான் சரியில்ல" என்று சண்டைக்கு வந்தார். எடை இறங்க வேண்டும் என்றிருந்தவர்கள் எல்லாம் என் கட்சி, ஏற வேண்டும் என்றிருந்தவர்கள் எல்லாம் மெஷின் கட்சி. ஒருவர்கூட ஆதாரம் கேட்கவில்லை. கடைசியில் தலைமை நர்ஸ் வந்து, "சார், நீங்க நோயாளியா, இன்ஸ்பெக்டரா?" என்று கேட்டார். இரண்டும் என்றேன்.

மறுநாள் தனியாகப் போனேன். வீட்டிலிருந்த ஐந்து பித்தளை எடைக்கற்களை, ஒவ்வொன்றும் ஒரு கிலோ, காய்கறிப் பையில் துணி சுற்றி எடுத்துக்கொண்டு. வாசலில் காவலாளி பையைத் தூக்கிப் பார்த்தான், முகம் மாறியது. "உள்ள என்ன சார்?" என்றான். "உண்மை" என்றேன். அவன் பையைத் திறந்து பார்த்து, "இத வெச்சு யாரையாவது அடிச்சா மண்ட உடைஞ்சிரும் சார், உள்ள விட முடியாது, திரும்பிப் போறப்ப வாங்கிக்குங்க" என்று டோக்கன் கொடுத்தான். ஐந்து கிலோ உண்மைக்கு ஒரு பிளாஸ்டிக் டோக்கன்! அதை வாங்கிக்கொண்டு, நான்கு தடவை நின்று நின்று, சர்ஜன் அறைக்குப் போனேன்.

அங்கே நான் பார்த்த காட்சியை எப்படி எழுதுவேன். கதவு பாதி திறந்திருந்தது. சர்ஜன் கை கழுவும் தொட்டி முன்னால் நிற்கிறார். தொட்டிக்கு மேலே கண்ணாடி, கண்ணாடியின் மூலையில் ஒரு சின்ன சாமி படம். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்ததே கோபம்! "டாக்டர், ஆபரேஷன் செய்வது நீங்களா, அவரா? பொறுப்பு யாருடையது என்று எனக்கு எழுத்தில் வேண்டும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், கை கழுவலைன்னா என்னை உள்ள விட மாட்டாங்க. கண்ண மூடலைன்னா என் மனசு உள்ள வராது. ரெண்டையும் செஞ்சிட்டுதான் போறேன்." கண்ணை மூடுவதால் மனசு வருகிறது என்பதை அளந்து பார்த்தீர்களா என்று மடக்கினேன். "இல்ல சார். ஆனா கை கழுவினா கிருமி போகுதுன்னும் நான் அளந்து பார்த்ததில்லை. அளந்தவங்க சொன்னாங்க, நம்புறேன். நீங்க ஒரு எடைக்கல்லுல முத்திரை வெச்சுக் கொடுத்தா, வாங்கிட்டுப் போற கடைக்காரர் திருப்பி அளந்து பார்ப்பாரா?" மாட்டார் என்றேன். "ஏன்?" நான்தான் அளந்திருக்கிறேனே என்றேன். "அவ்வளவுதான் சார்" என்றார்.

நான்கு வினாடி கையிலிருந்த டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாவது வினாடியில் கேட்டேன்: "சரி, உங்கள் தராசை யார் அளந்தார்கள்?" அவருக்குத் தெரியவில்லை! நம்பிக்கை வேறு, விசாரிக்காமல் இருப்பது வேறு என்று சொல்லிவிட்டு, டோக்கனைக் கொடுத்து என் ஐந்து கிலோவை வாங்கிக்கொண்டு வெற்றியோடு வீடு திரும்பினேன். பை கனத்தது. எட்டாவது படியில் உட்கார்ந்தேவிட்டேன்.

வீட்டில்தான் பெரிய போர். தராசு சரியாகும்வரை படுக்கமாட்டேன் என்றேன். உங்கள் மாமியார் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினால் அது சாதாரணப் பேச்சு இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். "இத்தனை வருஷம் சாமிய நம்புங்கன்னு உங்கள ஒரு தடவ கூட நான் கேட்டதில்ல. அது உங்க இஷ்டம். வாய்க்கு வாய் விஞ்ஞானம் விஞ்ஞானம்னு சொல்றீங்களே, அதையாவது நம்பித் தொலைங்களேன்! பயமா இருக்குன்னு சொல்லுங்க, ஒத்துக்குறேன். அதுக்கு எதுக்கு ஒரு மெஷின் மேல பழியப் போடுறீங்க?" என்றாள். எனக்குப் பயமே இல்லை, இது கொள்கை என்றேன். "கொள்கைக்கு ஏன் கை நடுங்குது?" என்றாள். ஐந்து கிலோ தூக்கி வந்ததால் என்றேன். மாப்பிள்ளை, அன்று முதல் அவள் என்னோடு பேசுவதில்லை. காபி வருகிறது, பேச்சு வருவதில்லை.

நானும் விடுவதாக இல்லை. என் நாற்காலிக்கு வந்திருக்கும் அதிகாரி அம்மாளுக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரித் தராசை முறைப்படி சோதிக்க வேண்டும் என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் பயிற்சி கொடுத்தவள், விட்டுக்கொடுக்க மாட்டாள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் மாமியாருக்கு நீங்கள் சொன்னால் அது வேதவாக்கு. 'மாமா சொல்வது சரி, ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எவ்வளவு நாள் என்று கேட்டால், உண்மை நிலைநாட்டப்படும்வரை என்று சொல்லுங்கள். ஒரு மனிதன் தன் நெஞ்சைத் திறந்து காட்டுவதற்கு முன்னால் ஒரு தராசைத் திறந்து பார்க்கச் சொல்வது குற்றமா? பதினோரு வருடமாக ஒரு நாள் தவறாமல் எனக்கு உண்மை சொன்னது என் தராசு. அதைப் பொய்யாக்கிவிட்டு நான் எந்த மேஜையிலும் படுக்கமாட்டேன். இது என் இறுதி முடிவு, இதில் மாற்றமில்லை.

மகளுக்கு என் அன்பு. அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம், அவள் அம்மா கட்சி. பேத்தி நீண்ட ஆயுளோடும், சரியான எடையோடும், கேள்வி கேட்கும் குணத்தோடும் வளர என் ஆசிகள். நீங்கள் கட்டும் பாலங்கள் எல்லாம் குறித்த பாரத்தைத் தாங்கட்டும்.

இப்படிக்கு,
உறுதி குலையாத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் சில விஷயங்கள் நடந்துவிட்டன. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் எழுதியதைக் கிழிப்பது எங்கள் அலுவலக முறை இல்லை. பிழையை அப்படியே விட்டு, கீழே திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் முறை.

இன்று காலை அதிகாரி அம்மாள் வந்தாள். நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துவிட்டாளாம். அறுபது கிலோ வைத்தால் அறுபது கிலோ காட்டுகிறதாம். நான் நம்பவில்லை. "ரெண்டு தராசு ஒத்துப்போகலைன்னா ரெண்டையும் சோதிக்கணும், நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே சார்" என்று சொல்லி, இருபது கிலோ கற்கள் மூன்றை டிரைவரோடு சேர்ந்து மாடிக்குத் தூக்கி வந்துவிட்டாள். தாராளமாகச் சோதியுங்கள் என்று நானே சிரித்துக்கொண்டே வழி விட்டேன். காபி கொண்டுவந்த உங்கள் மாமியார் கற்களைப் பார்த்ததும் கதவிலேயே நின்றுவிட்டாள். அறுபது கிலோ ஏற்றினார்கள். முள் ஐம்பத்தேழு கிலோ அறுநூறில் நின்றது.

மாப்பிள்ளை, அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பதினோரு வருடத்தில் நான் அந்தத் தராசை ஒரு தடவைகூடச் சோதித்ததில்லை. உலகத்தில் இருக்கும் எல்லாத் தராசையும் சந்தேகப்பட்டவன், இதை மட்டும் நம்பினேன். என் முத்திரை இருந்ததல்லவா!

தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில், பக்கவாட்டு இடுக்கு வழியாகத் திணித்த காகிதச் சீட்டுகள், இறுக்கமாக மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக. எட்டு. பலகையைக் கீழே இறங்கவிடாமல் அவை தாங்கிக்கொண்டிருந்தன. பிரித்தேன். எல்லாம் உங்கள் மாமியார் கையெழுத்து, எல்லாவற்றிலும் முதல் தேதி. முதல் சீட்டில், 'இவருக்கு மூச்சு வாங்குது. பாத்துக்கோ.' நான்காவதில், 'எட்டாவது படியில நிக்கிறார். படத்தப் பாக்குற மாதிரி நடிக்கிறார். நானும் பாக்காத மாதிரி இருக்கேன்.' கடைசியில், 'டாக்டர்கிட்ட போகப் போறோம். அவர் கை நல்லா இருக்கணும். இவர் வாய் கொஞ்சம் சும்மா இருக்கணும்.'

அதிகாரி அம்மாள் நல்ல பெண், கற்களை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உங்கள் மாமியாரிடம் கேட்டேன்: "சாமி அலமாரி இருக்கும்போது இதை ஏன் என் காலடியில் வைத்தாய்?" மூன்று நாள் கழித்து வாயைத் திறந்தாள். "நீங்க அலமாரிப் பக்கம் வந்தாதானே? செருப்பக் கழட்டிட்டு, வாய மூடிக்கிட்டு, மூச்ச அடக்கிக்கிட்டு நீங்க பக்தியா நிக்கிற ஒரே இடம் அதுதான். அங்க வெச்சாதான் உங்களுக்குச் சேரும்னு வெச்சேன். கால் பட்டதுக்கு சாமிகிட்ட தனியா மன்னிப்புக் கேட்டுட்டேன். உங்ககிட்டதான் கேக்கல." அப்புறம் அவள் அழுதாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். கொள்கை எல்லாம் இல்லை, பயம்தான் என்றேன். "தெரியும்" என்றாள்.

சீட்டுகளை எடுத்துவிட்டு ஏறி நின்றேன். அறுபத்து மூன்று அறுநூறு. எட்டு மாதத்தில் நான் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. விஞ்ஞானப் பத்திரிகைக்குக் கட்டுரையைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிவிட்டேன். நோட்டிலும் திருத்தினேன்: 'மனைவியின் கூற்று: வேண்டுதல். ஆதாரம்: உண்டு. எட்டு.'

ஆகவே மேலே கண்ட இறுதி முடிவு ரத்து. புதன்கிழமை ஏழு மணிக்குப் படுக்கிறேன். நீங்கள் மூவரும் செவ்வாய்க்கிழமையே வந்துவிடுங்கள். உங்கள் மாமியாரிடம் நான் கேட்டதாக ஒன்றும் சொல்ல வேண்டாம், அவளே போன் செய்வாள்.

தராசைப் பற்றிக் கவலை வேண்டாம். பிழை எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், பிழையுள்ள தராசையும் வைத்துக்கொள்ளலாம். வந்த எண்ணோடு திருத்தத்தைக் கூட்டிக்கொண்டால் போதும், இது விதியிலேயே இருக்கிறது. எட்டுச் சீட்டுகளையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஒன்பதாவதாக ஒன்றும் வைத்திருக்கிறேன், முதல் தேதிவரை காத்திருக்க முடியவில்லை. அது என் கையெழுத்து. அதில் என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள். திருத்தம் இனி இரண்டு கிலோ எழுநூறு கிராம் என்று மட்டும் நோட்டில் குறித்திருக்கிறேன்.